பாதிப் பின்னலுக்கு ஒரு சீட்டு

பின்னக் கற்றுக்கொண்டு ஆறு மாதம் ஆகியிருக்கும். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணியும் (ஊசியில் நூலால் போடும் வளையம்தான் கண்ணி) கைக்கு வந்துவிட்டன, ஒரு மஃப்ளர் பாதியில் நிற்கிறது, அதற்குள் ஒரு குழந்தைக் குல்லா ஆரம்பித்தாயிற்று, யாரோ யூடியூபில் சாக்ஸ் பின்னுவதைப் பார்த்து அதற்கும் நூல் வாங்கியாயிற்று, இனிமேல் பின்ன வேண்டியவை என்று போனில் சேர்த்து வைத்த படங்கள் மட்டும் நாற்பதைத் தாண்டும். இதில் ஏதாவது ஒன்று உங்கள் கதை என்றால் மேலே படியுங்கள். போன மார்கழி வரை என்னிடம் பதினொரு பின்னல் பாதியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் பதினான்கு.

எண்ண வைத்தது ஒரு கடுகு நிறக் கார்டிகன். முதுகுப் பாகம் 31 செ.மீ. வரை வந்து எட்டு மாதமாகப் பையில் கிடந்தது. கண்ணிகள் ஒரு சிவப்பு நூலில் கோத்துக் கிடந்தன, ஊசியைக் காணோம். வேறு யாரும் எடுக்கவில்லை, நான்தான் ஏதோ ஒரு குல்லாவுக்கு அவசரமாக உருவிப் போயிருக்கிறேன். 4 மி.மீ. ஊசியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கையில் தொடர்ந்து, இன்னும் 6 செ.மீ. பின்னிவிட்டுக் கட்டிலில் விரித்துப் பார்த்தால், நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி தெரிகிறது: கீழே இறுக்கம், மேலே தளர்வு. முதலில் பின்னிய ஊசி உண்மையில் 3.75. குன்னூரில் இருக்கும் சித்தியிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தது அவர்தான். “ஊசியை எடுத்தியே, நம்பரை ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வெச்சியாடி?” என்று மட்டும் கேட்டார். வைக்கவில்லை. ஒரே நேரத்தில் நாலு பின்னல் பாதியில் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது, எது எங்கே நிற்கிறது என்று எழுதி வைக்காததுதான் ஆளைச் சாய்க்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கீழே சொல்வதெல்லாம் அதைச் சரிசெய்த கதைதான்.

எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள். பரண், பீரோவின் அடித்தட்டு, ஊருக்குப் போன சூட்கேஸ், ஆபீஸ் பை, எல்லா இடத்திலும் தேடுங்கள். நான் ஒன்றைத் தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்தேன், எப்படி அங்கே போனது என்று இன்று வரை தெரியாது. தூக்கும்போது நூல் உருண்டையோடு சேர்த்துத் தூக்குங்கள், நூலைப் பிடித்து இழுத்தால் ஊசியிலிருந்து நாலு கண்ணி நழுவிவிடும். தூக்குவதற்கு முன்பே ஊசி முனையில் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிவிட்டால் அந்தப் பயமும் இல்லை. வரிசையாகப் பரப்பி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

தொடர்வது, தூங்குவது, பிரிப்பது

இப்போது மூன்று குவியல். பின்னுகிறவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளும் ராவெல்ரி தளத்தில் (2007-இல் ஆரம்பித்தது, உலகம் முழுக்கப் பின்னுகிறவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள்) இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு: நடந்துகொண்டிருப்பது, முடிந்தது, உறங்குவது, அப்புறம் ‘தவளையாக்கியது’. கடைசிப் பெயர் ஆங்கிலத் தவளை கத்துவது ‘ரிப் இட்’, அதாவது ‘பிரித்துவிடு’ என்று சொல்வது போலக் காதில் விழுவதால் வந்த கேலி. நம் தவளை அப்படியெல்லாம் கத்தாது, ஆகவே நான் ‘பிரிப்பது’ என்றே எழுதுகிறேன்.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இதை இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் தொடர்வது. இப்போது வேண்டாம், ஆனால் பிரிக்க மனசில்லை என்றால் தூங்குவது. நூலே கையில் குத்துகிறது, நிறம் பிடிக்கவில்லை, யாருக்கு ஆரம்பித்தோமோ அவருக்கு இனி அளவு பொருந்தாது என்றால் பிரிப்பதுதான்.

அளவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அக்கா மகளுக்கு ஆறு மாத அளவில் ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன், அவள் இப்போது யுகேஜி. ஆனால் ஒரே ஒரு கைதான் பாக்கி. அதைப் பிரிப்பதில் அர்த்தமில்லை, ஏதாவது ஒரு வீட்டில் ஆறு மாதக் குழந்தை எப்போதும் இருக்கத்தான் செய்யும். இரண்டு மாலையில் முடித்துக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன். மாறாக, அதே குழந்தைக்கு ஆரம்பித்த பேண்ட்டில் பத்தே வரிசைதான் இருந்தது, அது குவியலுக்குப் போன வேகத்தில் உருண்டையாகிவிட்டது.

சீட்டு எழுதுங்கள்

‘தொடர்வது’, ‘தூங்குவது’ இரண்டு குவியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு சீட்டு. ஜவுளிக்கடை மஞ்சள் பை போதும், அழகான பை வாங்க வேண்டும் என்று அதற்கும் ஒரு பட்டியல் ஆரம்பித்துவிடாதீர்கள். சீட்டைப் பழைய விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதலாம். பைக்குள் சும்மா போட்டால் தொலைந்துவிடும், ஒரு ஊக்கால் பின்னலின் ஓரத்திலேயே குத்திவிடுங்கள்.

கடுகுக் கார்டிகனின் சீட்டில் இப்போது இருப்பது இதுதான்: ‘கார்டிகன், அம்மாவுக்கு, மார்பு 96. முதுகு. ஊசி 3.75 மி.மீ., 80 செ.மீ. வட்ட ஊசி. 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. மொத்தம் 110 கண்ணி. கை வளைவு இன்னும் ஆரம்பிக்கவில்லை. 94-ஆவது வரிசை முடிந்தது, அடுத்தது நல்ல பக்கம், நிட். நூல் மீதி 6 உருண்டை, லாட் நம்பர் இந்தக் காகிதத்தில்.’ நல்ல பக்கம் என்றால் வெளியே தெரியும் பக்கம், லாட் நம்பர் என்றால் ஒரே தடவையில் சாயம் போட்ட நூல் தொகுதியின் எண். அந்த எண் இருக்கும் நூலின் மேல்தாளையும் மடித்து அதே ஊக்கில் குத்தியிருக்கிறேன்.

இதில் எல்லாமே முக்கியம்தான் என்றாலும் இரண்டை விட்டால் ஆபத்து: ஊசியின் அளவு, அப்புறம் ‘அடுத்தது என்ன’ என்பது. எந்த வரிசையில் நிற்கிறோம் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள், அடுத்த வரிசையில் கை என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள், மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது ‘94’ என்ற எண் ஒன்றும் சொல்லாது. சீட்டைப் பின்னலைக் கீழே வைக்கும்போதே எழுதுங்கள். எடுக்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்றால் அப்போது எழுத ஒன்றும் நினைவிருக்காது.

எழுதச் சோம்பலாக இருந்தால் ஒரு பழைய தந்திரம் உண்டு. முதலில் கண்ணி ஏற்றும்போது தொங்கும் வால் நூலில், எத்தனை மி.மீ. ஊசியோ அத்தனை முடிச்சுப் போட்டுவிடுங்கள். 4 மி.மீ.க்கு நாலு முடிச்சு. நாலரை என்றால் நாலு முடிச்சு, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. மாதிரித் துண்டுகளுக்கு இது ரொம்பவே உதவும், ஏனென்றால் அவற்றுக்கு யாரும் சீட்டு எழுதுவதில்லை.

ஊசி நம்பரில் ஒரு குழி

நம் ஊர்க் கடையில் “8-ஆம் நம்பர் ஊசி” என்று கேட்டால் பெரும்பாலும் 4 மி.மீ. ஊசி கொடுப்பார்கள், அது பழைய பிரிட்டிஷ் கணக்கு, அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ., 6-ஆம் நம்பர் 5 மி.மீ. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் தலைகீழ், நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும், அங்கே 8 என்றால் 5 மி.மீ. நெட்டில் கிடைக்கும் இலவசப் பேட்டர்ன்களில் பலவும் அமெரிக்கக் கணக்குதான். ஆகவே சீட்டில் நம்பர் வேண்டாம், எப்போதும் மி.மீ. மட்டும்.

இந்த வித்தியாசம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 88 கண்ணி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால் அகலம் 40 செ.மீ. ஊசி மாறிக் கை தளர்ந்து 20 கண்ணி ஆனால் 44 செ.மீ. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து 8 செ.மீ. கூடிவிட்டது, அதாவது அம்மாவுக்குப் பின்னியது அப்பாவுக்குப் போய்ச் சேரும்.

சீட்டே இல்லாத பழைய துண்டை என்ன செய்வது?

இங்கேதான் பின்னலைப் ‘படிக்க’த் தெரிய வேண்டும். வீட்டில் ஒரு பனியன் இருக்குமே, எடுத்து வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக ‘வி’ வடிவம் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும், உள்பக்கம் திருப்பினால் குட்டிக் குட்டி மேடுகள். திருப்பூரில் மெஷின் போடுவதும் நாம் ஊசியில் போடுவதும் இதே கண்ணிதான், அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, அவ்வளவே. ஒரு ‘வி’ ஒரு கண்ணி. பக்கவாட்டில் எண்ணினால் கண்ணிக் கணக்கு, கீழிருந்து மேலே எண்ணினால் வரிசைக் கணக்கு. இரண்டு பக்கமும் நிட் மட்டுமே போட்ட மஃப்ளர் என்றால் ‘வி’ தெரியாது, மேடு மேடாக இருக்கும், அதில் ஒரு மேட்டுக்கு இரண்டு வரிசை.

துண்டைச் சமமான இடத்தில் இழுக்காமல் விரித்து, நடுவில் ஸ்கேல் வைத்து 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணாதீர்கள், ஓரம் எல்லோருக்குமே கோணும். அப்புறம் சந்தேகப்படும் ஊசியில், அதே நூலில், 30 கண்ணி போட்டுத் தனியாக ஒரு சதுரம் பின்னி அளந்து பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் அதுதான் ஊசி. நான் செய்தது போலப் பின்னலிலேயே நேரடியாகத் தொடர்ந்து சோதிக்காதீர்கள்.

வரிசையின் நடுவில் நிறுத்தியிருந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற குழப்பம் வரும். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் உள்ள கண்ணியோடு ஒட்டியிருக்கிறதோ அந்த ஊசி வலது கைக்கு. இடது கைப்பழக்கத்தில் பின்னுகிறவர்களுக்கு இதை அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள். சரி, இதெல்லாம் எதற்கு, வரிசையை முடித்துவிட்டே கீழே வைத்துப் பழகிவிட்டால் போயிற்று. குக்கர் விசில் அடித்தாலும் இன்னும் இருபது கண்ணிதானே என்று நான் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன், பருப்பு கொஞ்சம் குழைந்தாலும் குழையட்டும்.

தூங்குவதை ஊசியிலிருந்து இறக்குங்கள்

மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் ஊசியிலேயே விட வேண்டாம். ஊசி நின்ற இடத்தில் கண்ணிகள் இழுபட்டு ஒரு தழும்பு விழும், தவிர ஊசியும் முடங்கிவிடும், ஊசி முடங்கினால் நீங்கள் இன்னொன்று வாங்குவீர்கள், அப்படித்தான் என்னிடம் 4 மி.மீ.யில் ஐந்து ஜோடி சேர்ந்தது. முனை மழுங்கிய பெரிய கண் ஊசியில் வேறு நிறத்தில் வழவழப்பான பருத்தி நூல் கோத்து, கண்ணி ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டு எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் போதும். ஊசி அளவு சீட்டில் ஏறியதைச் சரிபார்த்த பிறகுதான் ஊசியை உருவ வேண்டும்!

பிரிப்பதைச் சரியாகப் பிரியுங்கள்

புதிதாகப் பின்னுகிறவர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நூல் நூலாகவே இருக்கிறது, பிரித்ததால் எதுவும் செத்துப்போகவில்லை. முதலில் உள்ளே செருகிய வால்களை எடுத்துவிடுங்கள், தைத்த இடம் இருந்தால் தையலைப் பிரியுங்கள். பிறகு கடைசியாகப் பின்னிய முனையிலிருந்து இழுங்கள், சரசரவென்று வரும். ஒட்டிக்கொள்ளும் ரோம நூல் என்றால் மட்டும் மெதுவாக, ஒவ்வொரு கண்ணியாக.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நிற்கும், அதை அப்படியே பின்னினால் கண்ணி சமமாக வராது. ஒரு நாற்காலியின் முதுகில் சுற்றிச் சுற்றிப் பெரிய வளையமாக்கி, நாலு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டி எடுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடம் மட்டும் சுருளாகவே காயும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்து, நிழலில் கொடியில் தொங்கவிடுங்கள். கம்பளி என்றால் தண்ணீரில் கசக்கவே கூடாது, நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிவிடும். அக்ரிலிக் அவ்வளவு நன்றாக நேராகாது, ஆனாலும் பின்னத் தோதாக வந்துவிடும்.

முழுசாகப் பிரிக்காமல் தப்பு வந்த இடம் வரை மட்டும் பிரிக்க வேண்டும் என்றால், தப்புக்குக் கீழே நல்ல வரிசை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த வரிசையின் ஒவ்வொரு ‘வி’யிலும் வலது கால் வழியாக மெல்லிய நூல் ஒன்றைக் கோத்துக்கொண்டே போங்கள். வரிசை முழுக்கக் கோத்தபின் தைரியமாக இழுக்கலாம், பிரிந்துகொண்டே வந்து அந்த நூலில் வந்து நிற்கும். கடுகுக் கார்டிகனில் அந்த 6 செ.மீ.யை இப்படித்தான் பிரித்தேன், பிரிக்க நாலு நிமிடம், கோக்க முக்கால் மணி நேரம்.

ஊசியில் மூன்றே மூன்று

ஒரு சமயத்தில் ஒன்றுதான் என்று சபதம் எடுத்துப் பார்த்தேன், ஒன்பது நாள் தாங்கியது. மூன்று எனக்குச் சரிப்படுகிறது. ஒன்று பஸ்ஸுக்கு: சின்னது, பேட்டர்ன் பார்க்கத் தேவையில்லாதது, குல்லாவோ பாத்திரம் கழுவும் பருத்தித் துண்டோ. ஒன்று டிவி முன்னால்: ஷால் மாதிரி நீளமாக, மூளையைக் கேட்காமல் கை ஓடுவது. மூன்றாவது, பக்கத்தில் யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு உட்காருவது, கயிறு முறுக்கிய மாதிரி வரும் கேபிள், ஓட்டை ஓட்டையாக வரும் லேஸ் எல்லாம் இதில்தான். மூன்றும் வேறுவேறு வேளைக்கு என்பதால் ஒன்றை ஒன்று தின்னாது. நாலாவது ஆரம்பிக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று முடிய வேண்டும், அல்லது சீட்டோடு தூங்கப் போக வேண்டும்.

சாக்ஸ் பின்னுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. முதல் சாக்ஸ் முடிந்ததும் வரும் அலுப்பில் இரண்டாவது சாக்ஸ் வருடக்கணக்கில் வராமல் போகும், இது உலகம் முழுக்க உள்ள வியாதி. முதலாவதை முடித்த அன்று ராத்திரியே இரண்டாவதற்குக் கண்ணி ஏற்றிப் பத்து வரிசை போட்டுவிட்டுப் படுங்கள்.

பின்ன ஆசைப்படுபவற்றின் பட்டியல்

இது எவ்வளவு நீண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இரண்டாகப் பிரியுங்கள்: நூல் கையில் இருப்பது, நூல் இல்லாதது. ஒரு நோட்டில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் மற்றது. ஊசி காலியானதும் இடது பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். வலது பக்கம் உள்ளவற்றுக்கு எதிரே எவ்வளவு நூல் வேண்டும் என்று எழுதிவையுங்கள், கடையில் நிற்கும்போது ஊகித்து வாங்காமல் இருக்க. நடுத்தரத் தடிமனுள்ள டிகே நூலில், தோராயமாக, குழந்தைக் குல்லாவுக்கு 50 கிராம், ஆறு மாதக் குழந்தை ஸ்வெட்டருக்கு 150, பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு 500-இலிருந்து 600 கிராம் வரை ஆகும். ஆளையும் டிசைனையும் பொறுத்து இது ஏறி இறங்கும். உடுப்பு என்றால் முழுசையும் ஒரே தடவையில், ஒரே லாட்டில் வாங்குங்கள். லாட் மாறினால் கடை விளக்கில் ஒரே நிறமாகத்தான் தெரியும், வெயிலில் போட்டுக்கொண்டு போனால்தான் ஒரு கை வெளுத்திருப்பது தெரியும். வேறு வழியில்லாமல் இரண்டு லாட் கலந்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு வரிசைக்கு ஒருமுறை உருண்டையை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கோடு தெரியாது.

பாதியில் நிற்பதற்கு மீதி நூல் போதுமா என்று தெரியவில்லையா? சமையலறைத் தராசில் உருண்டையை வைத்து எடை பாருங்கள், நாலு வரிசை பின்னிவிட்டு மறுபடியும் பாருங்கள். நாலு வரிசைக்கு 6 கிராம் போயிருந்து, உருண்டையில் 45 கிராம் இருந்தால், இன்னும் முப்பது வரிசை வரும். கண்ணிகளை மூடும் முடிப்பு வரிசைக்குப் பின்னலின் அகலத்தைப் போல நாலு மடங்கு நீளம் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

வைப்பது

அந்துப்பூச்சி தின்பது கம்பளியைத்தான், அக்ரிலிக்கை விட்டுவிடும். கம்பளியைக் கழுவிக் காயவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் மூடி வையுங்கள், சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து உதறிக் காற்றாட விடுங்கள். எங்கள் வீட்டில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுகிறோம், ஆனால் உதறிப் பார்ப்பதை அது ஈடுகட்டாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பைகளைத் திறந்து சீட்டுகளைப் படித்துப் பாருங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. போன வாரம் நான் பார்த்தபோது ஊசியில் மூன்று, தூங்குவது நாலு. ஒரு பையில் மட்டும் சீட்டு இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் அவசரத்தில் மூட்டை கட்டியது, பச்சை நிறம், 10 செ.மீ.க்கு 24 கண்ணி வருகிறது. 3.5-ஆ 3.25-ஆ என்று சதுரம் பின்னிக்கொண்டிருக்கிறேன்.